மேயர் வரும்வரை விடுப்பு இல்லை

ஸ்ரீமுஷ்ணம்
டிசம்பர் 20, மார்கழி 5

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் என் மின்கம்பங்களும் நலம். நீயும் சிந்துவும் டெல்லிக் குளிரில் எப்படி இருக்கிறீர்கள்?

போன வருஷம் நாம் போட்ட ஒப்பந்தம் ஞாபகம் இருக்கிறதல்லவா? போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வந்துவிடுகிறது, அதனால் முக்கியமான விஷயமெல்லாம் கடிதத்தில்தான். ஆகவே இந்தக் கடிதத்தைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்திருக்கும். எனக்குப் பெண் அமைந்துவிட்டது. சிரிக்காதே. முப்பத்தெட்டு வயது வயர்மேனுக்கும் பெண் கொடுக்கிறார்கள்.

பெயர் பூங்கோதை. பெண்ணாடத்தில் பள்ளி ஆசிரியை. அப்பா பச்சைமுத்து பத்து வருஷம் பேரூராட்சி கவுன்சிலராக இருந்தவர். பெண் பார்க்கப் போன அன்று, "அக்கா என்ன பண்றாங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். "டெல்லி மாநகராட்சியில, மேயர் தேர்தல் நடத்துற ஆபீஸ்ல இருக்காங்க" என்றேன். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எனக்கு அவர் பெண் கொடுப்பது உன்னால்தான் என்று நினைக்கிறேன்.

தை 13, ஜனவரி 27, வெள்ளிக்கிழமை. பூவராகசாமி கோயிலில் கல்யாணம். முதல் முடிச்சு நான் போட்டதும் மற்ற இரண்டையும் நீதான் போட வேண்டும். அத்தான் போய் மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு நீ ஊர்ப்பக்கமே வரவில்லை. வர முடியாது என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் தம்பி,
பூவராகவன்

*

ஆர்.கே.புரம், புது டெல்லி
டிசம்பர் 28

அன்புத் தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை சிந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். "மாமாவுக்கு ஷாதியா?" என்று கத்தியதில் பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்துவிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பெண்ணின் போட்டோ எங்கே? மடையா, அதை வைக்காமல் என்ன கடிதம் எழுதினாய்?

ஒரே ஒரு சிக்கல். பத்து வருஷமாக இந்த ஊர் மாநகராட்சியை மூன்றாக வெட்டி, மூன்று மேயர்களை வைத்திருந்தார்கள். இந்த வருஷம் மறுபடி ஒட்டிவிட்டார்கள். ஒட்டியதிலிருந்து டெல்லிக்கு மேயரே கிடையாது. மின்டோ ரோட்டில் இருபத்தெட்டு மாடிக் கட்டடம், அதில் மேயர் அறை பூட்டியே கிடக்கிறது. வாரம் ஒரு முறை திறந்து தூசி தட்டிவிட்டுப் பூட்டுகிறோம். ஜனவரி ஆறாம் தேதி தேர்தல். கவுன்சிலர்கள் இருநூற்றைம்பது பேர், எம்.பி.க்கள் பத்து, எம்.எல்.ஏ.க்கள் பதினான்கு. மொத்தம் இருநூற்றெழுபத்து நான்கு வாக்குச் சீட்டு. அச்சடிப்பது, எண்ணுவது, கட்டுவது எல்லாம் என் தலையில். மேயர் வரும்வரை யாருக்கும் விடுப்பு இல்லை என்று எங்கள் அதிகாரி அர்விந்த் சார் சொல்லிவிட்டார்.

ஆறாம் தேதி முடிந்துவிடும். பிறகு பார்க்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பத்தில் ஏறும்போது கையுறை போடு.

ஜெயலட்சுமி

*

ஸ்ரீமுஷ்ணம்
ஜனவரி 10, மார்கழி 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையுறை உத்தரவு கிடைத்தது. போட்டுக்கொள்கிறேன். உனக்கு ஒன்றும் அடிபடவில்லையே? ஆறாம் தேதி டிவியில் பார்த்தேன். கவுன்சிலர்கள் மேஜை மேல் ஏறி நின்றார்கள். நாற்காலி, மைக், கூச்சல். இத்தனை கலாட்டாவில் உன் சீட்டுக்கட்டு என்ன ஆயிற்று என்றுதான் எனக்குக் கவலை.

பச்சைமுத்து மாமா பெண்ணாடத்திலிருந்து போன் செய்தார். "மாப்ள, நம்ம பேரூராட்சியில சொம்புதான் பறக்கும். அங்க மேஜையே பறக்குதே!" என்று ஒரே சந்தோஷம். டெல்லியும் நம் ஊர் மாதிரிதான் என்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

அடுத்த கூட்டம் இருபத்து நான்காம் தேதி என்று பேப்பரில் பார்த்தேன். அதற்கு மூன்றாம் நாள் கல்யாணம் என்றால் நீ ரயிலில்தான் இருப்பாய். அதனால் தை 27, பிப்ரவரி 10 என்று மாற்றிவிட்டேன். கோயில் கல்யாணம் என்பதால் மண்டபத் தொல்லை இல்லை. பத்திரிகையும் இன்னும் அடிக்கவில்லை. பெண் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை.

போட்டோ வைத்திருக்கிறேன். சிந்துவுக்கு முதலில் காட்டு.

பூவராகவன்

*

ஆர்.கே.புரம்
ஜனவரி 27

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். குடியரசு தினத்துக்கு ரோட்டையெல்லாம் அடைத்துவிட்டதால் நேற்று முழுக்க வீட்டில் இருந்து தூங்கினேன்.

பூங்கோதை லட்சணமாக இருக்கிறாள். சிரிப்பில் கொஞ்சம் பிடிவாதம் தெரிகிறது. உனக்கு அது தேவைதான்.

இருபத்து நான்காம் தேதி எல்லாரும் பதவிப் பிரமாணம் எடுத்தார்கள். அதோடு சரி, மறுபடி கலாட்டா, மறுபடி ஒத்திவைப்பு. நான் சீட்டுக்கட்டை எண்ணி எடுத்துப்போய் எண்ணித் திரும்பக் கொண்டுவந்தேன். அடுத்து பிப்ரவரி 6 என்கிறார்கள்.

உன் வருங்கால மாமனாருக்குச் சொல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் இந்த மாநகராட்சி தொடங்கியபோது முதல் மேயரே ஒரு பெண்மணி, அருணா ஆசஃப் அலி. அப்போது கூட்டமெல்லாம் சாந்தினி சவுக் டவுன் ஹாலில். இன்றைக்கும் ஐந்து வருஷத்தில் முதல் வருஷம் பெண்தான் மேயராக முடியும், மூன்றாவது வருஷம் பட்டியல் இனத்தவர். வருஷத்துக்கு ஒரு மேயர். இத்தனை அடிதடி நடக்கிறதே, மேயருக்கு என்ன அதிகாரம் என்று கேட்டால், சபையை நடத்தலாம். மற்றபடி நிர்வாகமெல்லாம் கமிஷனர் கையில். ஆனாலும் அந்த நாற்காலிக்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது.

அவர்கள் வீட்டில் பெரியவர்கள் யார் யார்? பழைய வழக்கமெல்லாம் பார்ப்பவர்களா? சும்மா கேட்டேன்.

ஜெயலட்சுமி

*

ஸ்ரீமுஷ்ணம்
பிப்ரவரி 8, தை 25

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறாம் தேதியும் போயிற்று! மூன்றாவது தடவை! எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் லைனில் வேலை செய்யும் மற்ற பையன்கள் சிரிக்கிறார்கள். "அண்ணே, ஒனக்குக் கல்யாணம் ஆகணும்னா டெல்லியில மேயர் வரணுமாம்ல?" என்கிறான் ஒருவன். ஊர் முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடையில் எனக்காக டெல்லிச் செய்தி வைக்கிறார்கள்.

தை 27-ஐ விட்டுவிட்டேன். பெண் வீட்டில் பெரிய மனது பண்ணி பங்குனி 10, மார்ச் 24 என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். மாமா சட்டமெல்லாம் படிக்க ஆரம்பித்துவிட்டார். "கேஸ் சுப்ரீம் கோர்ட்டுல இருக்கு மாப்ள, அவசரப்படாதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார்.

பெரியவர்கள் என்று கேட்டிருந்தாய். பூங்கோதையின் பெரியம்மா கோவிந்தம்மாள் ஒருவர் உண்டு. தேதியை மாற்றி மாற்றி வைக்கிறோம் என்று முணுமுணுக்கிறார். வேறு ஒன்றும் இல்லை. நீ சுகமாக இரு.

பூவராகவன்

*

ஸ்ரீமுஷ்ணம்
பிப்ரவரி 23, மாசி 11

அக்கா!

மேயர் வந்தாச்சு! நேற்று மத்தியானம் டீக்கடையில் எனக்கு மாலையே போட்டுவிட்டார்கள். மாமா பெண்ணாடத்தில் லட்டு கொடுத்தாராம், எந்தக் கட்சி ஜெயித்தது என்று கேட்டவர்களிடம் "நம்ம மாப்பிள்ளைதான்" என்று சொன்னாராம்.

மார்ச் 24-க்கு முழுசாக ஒரு மாதம் இருக்கிறது. உடனே டிக்கெட் எடு. எந்த ரயில் என்று ஒரு வரி எழுது, போதும். சிந்துவுக்குப் பாவாடை தாவணி எடுக்கவா, அதையெல்லாம் அவள் கட்டுவாளா?

பூவராகவன்

*

ஆர்.கே.புரம்
மார்ச் 1

அன்புத் தம்பிக்கு,

சளி பிடித்திருக்கிறது, வேறொன்றுமில்லை. சிந்து நலம்.

மேயர் வந்தது உண்மை. ஆனால் உனக்கு இங்குள்ள கணக்கு புரியவில்லை. மேயரின் வருஷம் மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. பிப்ரவரி இருபத்திரண்டில் வந்தவருக்கு மொத்தமே முப்பத்தெட்டு நாள். ஏப்ரலில் மறுபடி தேர்தல், மறுபடி சீட்டு. அதற்குள் நிலைக்குழுத் தேர்தல் வேறு முடியாமல் கிடக்கிறது. ஃபைல்கள் மேஜை கொள்ளாமல் குவிந்திருக்கின்றன. இப்போது விடுப்பு கேட்க வாயே வராது.

அந்தப் பெண்ணை இன்னும் காக்க வைப்பது பாவம். நான் இல்லாமலே நடத்திவிடு. நம் சித்தப்பா மகள் சாந்தகுமாரி இருக்கிறாளே, அவளும் உனக்கு அக்காதான். சுமங்கலி. இரண்டு முடிச்சையும் அவளே போடட்டும். பூங்கோதைக்கு ஒரு பட்டுப்புடவை வாங்கியிருக்கிறேன், பார்சலில் அனுப்புகிறேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் உனக்குப் பிடித்த பெரிய அப்பளம் கிடைத்தது, அதையும் வைக்கிறேன்.

என் மேல் கோபப்படாதே.

ஜெயலட்சுமி

*

ஸ்ரீமுஷ்ணம்
மார்ச் 6, மாசி 22

அக்காவுக்கு,

கோபம்தான். சாந்தகுமாரி நல்லவள், ஆனால் எனக்கு அம்மை போட்டபோது இருபது நாள் வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தது அவள் இல்லை.

உன்னால் கேட்க முடியவில்லை என்றால் நான் கேட்கிறேன். உன் அதிகாரி அர்விந்த் அவர்களுக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பிவிட்டேன். "ஐயா, என் ஒரே தமக்கைக்குப் பத்து நாள் விடுப்பு அளித்து, தேங்கி நிற்கும் என் திருமணத்தை நடத்தித் தருமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." பூங்கோதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். மாமா ஓரத்தில், 'முன்னாள் கவுன்சிலர்' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள். சுக்குக் காப்பி குடி.

பூவராகவன்

*

ஸ்ரீமுஷ்ணம்
மார்ச் 17, பங்குனி 3

அக்காவுக்கு,

உன் அதிகாரியிடமிருந்து பதில் வந்தது. மரியாதையான மனிதர். எனக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். வீட்டில் கல்யாணம் இருப்பவர்கள் தாராளமாக விடுப்பு கேட்கலாம் என்று டிசம்பரிலேயே சொல்லிவிட்டாராம், இரண்டு பேர் போயும் வந்துவிட்டார்களாம். "திருமதி ஜெயலட்சுமியிடமிருந்து விண்ணப்பம் எதுவும் வரவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

பங்குனி 10-ஐ நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

பூவராகவன்

*

ஆர்.கே.புரம்
ஏப்ரல் 1

அன்புத் தம்பிக்கு,

பத்து நாளுக்கு மேலாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நீ போனும் செய்யவில்லை. சண்டை போடவாவது கூப்பிட்டிருக்கலாம்.

பொய் சொன்னேன். முதல் பத்து நாள் எல்லாருக்கும் விடுப்பு இல்லை என்பது உண்மை. பிறகு அர்விந்த் சார் சொன்னதும் உண்மை. ஒவ்வொரு முறை கூட்டம் கலையும்போதும் மற்றவர்கள் தலையில் கைவைத்தார்கள். நான் மட்டும் உள்ளுக்குள் 'அப்பாடா' என்று மூச்சு விட்டேன். டெல்லிக்கு மேயர் வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஏன் என்று சொல்கிறேன். போன ஆவணியில் இங்கே தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணம். நான்தான் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்து, சாமான் வாங்கி, ஒரு வாரம் அலைந்தேன். முகூர்த்தத்துக்கு முன் அட்சதைத் தட்டை எடுத்துக்கொண்டு மேடைப் பக்கம் போனேன். ஓர் அம்மாள் ஓடிவந்து தட்டை வாங்கிக்கொண்டார். "நீங்க உக்காருங்க ஜெயா, ரொம்ப அலைஞ்சிட்டீங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு ஃபேன் இருக்கும் இடமாகப் பார்த்து நாற்காலி போட்டுக் கொடுத்தார். யாராவது திட்டினால் திருப்பித் திட்ட எனக்குத் தெரியும், உனக்கே தெரியும். இப்படி அன்பாக ஒதுக்கினால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

உன் கல்யாணத்தில் நான் மணவறைக்கு வரும்போது யாராவது அப்படி அன்பாக இருந்துவிட்டால், அதை நீ பார்த்துவிட்டால், அந்தப் பெண்ணின் வாழ்க்கை அந்த முகச்சுளிப்போடு தொடங்கிவிட்டால்? அந்தப் பயம்தான். அத்தான் போனதற்குக்கூட நான் யாரிடமும் வெட்கப்பட்டதில்லை. இதை உனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது.

பூங்கோதையிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்.

உன் அக்கா

*

பெண்ணாடம்
ஏப்ரல் 7

மதிப்பிற்குரிய அண்ணிக்கு, பூங்கோதை வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் தம்பி நலம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கம்பத்திலிருந்து இறங்கவே இல்லை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, கடிதத்தை என் கையில் கொடுத்தார். நான் அதை அப்பாவிடம் கொடுத்தேன். உங்களைக் கேட்காமல் காட்டியதற்கு மன்னிக்க வேண்டும்.

அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. மூன்று மாதமாக டெல்லி மேயர் தேர்தலையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவருக்கு அது தலைக்கேறிவிட்டது. நேற்று சாயங்காலமே எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டார். 'மாப்பிள்ளையின் தமக்கை முடிச்சுப் போடலாமா?' என்று இரகசிய வாக்கெடுப்பு. எவர்சில்வர் தூக்கில் துண்டுச் சீட்டு. "மேஜை மேல யாரும் ஏறக் கூடாது, ஏறுனா சாப்பாடு கெடையாது" என்று முதலிலேயே அறிவித்துவிட்டார். மொத்தம் பத்தொன்பது ஓட்டு. ஆதரவு பதினேழு. எதிர்ப்பு ஒன்று. செல்லாதது ஒன்று, அதில் 'பாயசம் உண்டா' என்று எழுதியிருந்தது.

எதிர்ப்பு ஓட்டு பெரியம்மாவுடையது என்று எல்லாரும் கோவிந்தம்மாள் பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் கணவரை இழந்தவர்தான். எழுந்து நின்றார். "எந் தங்கச்சி கல்யாணத்தப்ப என்னை ரூமுக்குள்ள உக்கார வச்சு வெளிய தாழ்ப்பா போட்டாங்க. மேளச் சத்தம் கேட்டுத்தான் தாலி கட்டியாச்சுன்னு தெரிஞ்சிக்கிட்டேன். நானா அந்தப் பொண்ணு வேணாம்னு எழுதுவேன்?" என்றார். என் அம்மாதான் அந்தத் தங்கச்சி. அம்மா அழுததைப் பார்த்து அப்பா சபையை ஒத்திவைத்துவிட்டார்.

அண்ணி, ஒன்று சொல்ல வேண்டும். இந்த வாக்கெடுப்பில் எனக்கு உடன்பாடே இல்லை. அப்பாவிடமும் சொன்னேன். பத்தொன்பது பேரும் எதிர்த்து எழுதியிருந்தாலும் என் கழுத்தில் முடிச்சுப் போடுவது நீங்கள்தான். கழுத்து என்னுடையது. இதில் ஓட்டுக்கு என்ன வேலை?

சித்திரை 13, ஏப்ரல் 26, புதன்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பத்தரை. இந்தத் தேதியை மாற்ற மாட்டோம். சிந்துவுக்கு என் அன்பு.

பூங்கோதை

*

ஆர்.கே.புரம்
ஏப்ரல் 15

அன்புத் தம்பிக்கும், அன்புள்ள பூங்கோதைக்கும்,

புத்தாண்டு வாழ்த்து. நேற்று சிந்து பாயசம் வைத்தாள். கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது, மூன்று கிண்ணம் சாப்பிட்டேன்.

பூங்கோதை, உன் கடிதத்தை ஆபீஸில் பிரித்துப் படித்துவிட்டு அங்கேயே அழுதேன். டெஸ்பாட்ச் பிரிவு மொத்தமும் தண்ணீர் கொண்டு வந்துவிட்டது. மறுநாள் காலை விடுப்பு விண்ணப்பத்தை எழுதி எடுத்துக்கொண்டு அர்விந்த் சார் அறைக்குப் போனேன். அவர் மேஜையில் புது நோட்டீஸ் இருந்தது. அடுத்த மேயர் தேர்தல், ஏப்ரல் 26, புதன்கிழமை.

சிரியுங்கள். நானும் அங்கேயே சிரித்துவிட்டேன். கேட்டால் கிடைக்கும் என்றிருந்தபோதெல்லாம் கேட்கவில்லை. இப்போது உண்மையாகவே கிடையாது.

விண்ணப்பத்தைப் பார்த்து அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஜெயாஜி, உஸி தின்? சுனாவ் ஹை!" என்றார், அதே நாளா, தேர்தலாயிற்றே என்று. தெரியும் என்றேன். அந்த இருநூற்றெழுபத்து நான்கு சீட்டை வேறு யார் பார்ப்பார்கள் என்றார். அச்சடித்து, எண்ணி, கட்டி, சீல் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போவேன், அன்றைக்கு எடுத்துக் கொடுப்பதை யாரும் செய்யலாம் என்றேன். பிறகு, தம்பியின் மனுவைப் படித்த மனிதர் அல்லவா, கல்யாணத்தில் எனக்கு அப்படி என்ன வேலை என்று கேட்டார். தாலி முடிச்சைப் பற்றிச் சொன்னேன். மாப்பிள்ளையின் சகோதரி போடுவது என்றேன். அவர் நியாயமாகத்தான் கேட்டார், "அதை வேறு யாரும் செய்ய முடியாதா?" என்று.

"முடியாது சார், நான்தான் போடணும்" என்றேன். தம்பி, போன மாதம் சாந்தகுமாரி போடட்டும் என்று எழுதிய அதே ஆள்தான் இதைச் சொன்னாள். குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. அவர் கையெழுத்துப் போட்டார்.

இருபத்து மூன்றாம் தேதி தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறுகிறோம். சிந்து தாவணிதான் கட்டுவாளாம், எடுத்து வை. கோவிந்தம்மாள் பெரியம்மாவை முன்வரிசையில் உட்கார வையுங்கள், என் பக்கத்தில் நிற்க வேண்டுமென்றால் இன்னும் நல்லது. பச்சைமுத்து மாமாவுக்கு என் வணக்கம். அன்று காலை ஒன்பதரைக்கு டெல்லிக்கு மேயர் யார் என்று என்னைக் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எனக்கு வேலை இருக்கும்.

ஜெயலட்சுமி